வயிற்றில் மணல் ஒட்டட்டும்

வேதாரண்யம்,
மார்கழி 18.

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ வந்திருந்த நான்கு நாளும் அது என்னைக் கட்டிலோடு கட்டிப் போட்டதுதான் வருத்தம். கோடியக்கரைக்கு உன்னைத் தனியாக அனுப்பிவிட்டு நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நீ விட்டுப்போன பென் டிரைவை இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். மொத்தம் 412 படம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசினால் நீ ‘சரி பெரியப்பா, சரி பெரியப்பா’ என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். 412-ல் முந்நூறுக்கு மேல் பறவையின் முதுகு. அதுவும் பறந்து போகிற முதுகு. ஒரு கூட்டம் எழும்புகிறது, நீ அமுக்குகிறாய். அடுத்த கூட்டம் எழும்புகிறது, திரும்பவும் அமுக்குகிறாய். கரை நெடுக நீ நடந்துபோன வழியை அந்தப் படங்களை வைத்தே நான் கோடு போட்டுவிடுவேன். மிச்சமுள்ள நூறு படத்தில் பறவை நிற்கிறது. ஆனால் மாடியில் நின்றுகொண்டு தெருவில் போகிற ஆளை எடுத்த மாதிரி இருக்கிறது. தரையெல்லாம் மணல், நடுவில் கூழாங்கல் போல ஒரு உள்ளான்.

லென்ஸ் போதவில்லை என்று உன் அப்பாவிடம் சொன்னாயாம். 600 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்துக்கொண்டு போதவில்லை என்று சொல்வதற்கு உனக்கு வாய் கூச வேண்டும். போதாமல் போனது லென்ஸ் அல்ல. நீ உட்காரவில்லை.

நான் நாற்பது வருடம் இந்த ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். மொட்டை போட்டுக் காது குத்திய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் நின்ற வாக்கிலேயே படமெடுப்பான். கழுவிப் பார்த்தால் பூசணிக்காய் மாதிரி மண்டை, அதற்குக் கீழே சுண்டுவிரல் கால். அந்தக் குழந்தையின் முகத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் கேமராவோடு தரையில் படுத்துவிடுவேன். குழந்தையின் கண் இருக்கிற உயரத்தில் என் லென்ஸ் இருக்கும். அப்புறம் சும்மா கிடப்பேன். கிலுகிலுப்பையெல்லாம் ஆட்டமாட்டேன். கொஞ்ச நேரத்தில் குழந்தையே ‘யார்டா இந்த ஆள், இங்கே வந்து கிடக்கிறான்’ என்று தவழ்ந்து வரும். அந்தப் படத்தைத்தான் மறுநாள் பிரேம் போடக் கேட்பார்கள்.

கரைப்பறவைக்கும் அதேதான், கண்ணு. கொசு உள்ளானின் கண் தரையிலிருந்து நாலைந்து விரற்கடை உயரத்தில்தான் இருக்கிறது. உன் லென்ஸும் அங்கே போக வேண்டும். குந்தினால் போதாது, முட்டி போட்டாலும் போதாது. வயிற்றில் மணல் ஒட்டப் படுக்க வேண்டும். படுத்ததும் என்ன ஆகிறது பார். நின்று எடுத்தபோது பறவைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் மணல் இருந்தது. பறவை தெளிவாக விழும்போது அந்த மணலும், அதில் கிடந்த சிப்பியும், பிளாஸ்டிக் மூடியும் தெளிவாக விழுந்தன. படுத்த பிறகு பறவைக்குப் பின்னால் இருப்பது அரை மைல் கடல். அது அப்படியே கரைந்து நீலப் பட்டுத்துணி மாதிரி ஆகிவிடும். முன்னாலிருக்கிற மணலும் மசமசவென்று மங்கிவிடும். நடுவில் பறவை மட்டும் தனியாக எழுந்து நிற்கும். நீ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பின்னணியை மங்கலாக்கப் பார்த்திருக்கிறாய், 188-ஆம் படத்தில் தெரிகிறது, பறவையின் வாலில் பாதியும் சேர்ந்து மங்கிப்போயிருக்கிறது. அந்த வேலை எதுவும் வேண்டாம்.

உன் கேமராவில் திரை வெளியே மடங்கி வருகிறதே, எங்கள் காலத்தில் அது கிடையாது. கழுத்தை ஆமை மாதிரி நீட்டி நீட்டி எனக்கு இன்றைக்கும் பிடரி வலி. நீ திரையை மேல்நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு தாடையை மணலில் ஊன்றாமலே பார்க்கலாம். வெயிலில் திரை தெரியவில்லையென்றால் துப்பட்டாவைப் போர்த்திக்கொள்.

லென்ஸை எதன்மேல் வைப்பது? முக்காலி கரைக்கு உதவாது. அதன் கால் பூட்டுக்குள் மணல் போனால் அப்புறம் அது ஜென்மத்துக்கும் முக்காலியாகவே நிற்கும், மடங்காது. நான் ஒரு பை தைத்தேன், பழைய பேன்டின் கால் பகுதியை வெட்டி. உள்ளே பச்சைப்பயறு நிரப்பினேன். நல்ல அசையாத பை. ஒருநாள் அலையில் நனைந்துவிட்டது. மறந்துபோய் வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் திறந்தால் பை முளைகட்டியிருக்கிறது. பெரியம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். இப்போது நான் வைத்திருப்பது ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளம். அதன் நடுவில் மணல் நிரப்பிய சின்னப் பை, பையின்மேல் லென்ஸ். தாம்பாளத்தின் விளிம்பு மேலே வளைந்திருப்பதால் மணலை வாராமல் வழுக்கிக்கொண்டு போகும். படுத்தபடியே அதைத் தள்ளிக்கொண்டு நகரலாம். கடையில் இதற்கென்றே விற்கிறார்களாம், விலையைக் கேட்டால் தாம்பாளம் ஒரு டஜன் வாங்கலாம்.

படுத்து எடுக்கும்போது இரண்டு தொல்லை வரும். ஒன்று, கடல் சாயும். உன்னுடைய நல்ல படம் ஒன்றில்கூடக் கடல் வலது பக்கமாக வழிந்து கொட்டுகிறது. தொடுவானம் மட்டமாக இருக்கிறதா என்று திரையில் கோடு வைத்துப் பார். இன்னொன்று, முன்னாலிருக்கிற மணல்மேடு போக்கஸைப் பிடித்துக்கொள்ளும். கண்ணைத் தானே கண்டுபிடிக்கிற வசதியை நம்பு, ஆனால் முழுக்க நம்பாதே. பறவை சின்னதாக இருந்தால் அது தடுமாறும். ஒற்றைப் புள்ளியைப் பறவையின் தலையில் வைத்துப் பழகிக்கொள்.

இனி வெளிச்சம். இதைக் கொஞ்சம் நிறுத்திப் படி. உனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லாரும் ‘காலையில் போ, சூரியனை முதுகுக்குப் பின்னால் வை’ என்று சொல்லியிருப்பார்கள். மேற்குக் கடற்கரைக்காரனுக்கு அது சரி. காலையில் அவன் கடலைப் பார்த்து நின்றால் வெயில் அவன் முதுகில் அடிக்கும். நம் கடல் கிழக்கே இருக்கிறது. நம் சூரியன் கடலிலிருந்து வருகிறது. காலை ஆறே முக்காலுக்கு நீ மணலில் நின்று கடலோரப் பறவையைப் பார்த்தால் வெயில் உன் மூஞ்சியில் அடிக்கிறது, பறவை கரிக்கட்டை. உன் படங்களில் குறைந்தது அறுபது அப்படித்தான் இருக்கின்றன. நீ அதற்குப் பயந்து கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறாய். பறவை வெளுக்கவில்லை, கடல்தான் வெளுத்திருக்கிறது.

என்ன செய்யலாம்? கடலைப் பார்க்காதே, கரையைப் பார். மார்கழி, தை மாதங்களில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை, தெற்கே சாய்ந்து உதிக்கிறது. நீ கரையோரமாகப் படுத்துக்கொண்டு வடக்கே பார். சூரியன் உன் வலது தோளுக்குப் பின்னால் வந்துவிடும். பறவை தண்ணீரோரமாகவே மேய்ந்துகொண்டு உன்னை நோக்கி வரும், அதன் முகத்தில் பக்கவாட்டு வெயில் விழும். இது கோடியக்கரை முனைக்கு வடக்கே, வங்காள விரிகுடா பக்கத்துக் கரைக்கு. முனை திரும்பிப் பாக் நீரிணைப் பக்கம் போனால் கரை தெற்கே பார்க்கிறது. அங்கே காலையில் மேற்கே பார்த்துப் படு, சாயங்காலம் கிழக்கே பார்த்துப் படு. நேர் தெற்கே பார்த்தால் இந்த மாதங்களில் காலை, மதியம், மாலை என்று எப்போதும் எதிர்வெயில்தான்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கிழக்குக் கரைதான் சொர்க்கம். வெயில் உன் முதுகில். கடல் கருநீலம். பறவை தங்கம். ஒரே இடைஞ்சல் உன் நிழல். நின்றால் பனைமரம் மாதிரி நீண்டு போய்ப் பறவையின் மேலேயே விழும். படுத்தால் அதுவும் இல்லை.

ஈரமணலை மறக்காதே. ஸ்டுடியோவில் முகத்தின் கீழ்ப்பக்க நிழலைப் போக்க வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை மடியில் பிடிக்கச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? உன் பத்தாம் வகுப்புப் படத்துக்கு நீயே பிடித்தாய். அலை வடிந்து கண்ணாடியாகக் கிடக்கிற ஈரமணல் அதே வேலையைச் செய்கிறது. பறவையின் வயிற்றடி நிழல் போய்விடும், இறகு இறகாகத் தெரியும். இலவசத் தெர்மாகோல். உப்பளத்தில் உப்பு பூத்த பாத்தி இன்னும் பலம்.

கேமராவில் எண்களைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன், அதெல்லாம் உனக்கே தெரியும். மேயும் உள்ளானுக்கு 1/1600, பறப்பதற்கு 1/2500, துவாரம் எஃப் 6.3-லிருந்து 8-க்குள், ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடு. ஒன்றே ஒன்று: இந்தப் பறவைகளின் வயிறு வெள்ளை, நிற்கிற சேறு கறுப்பு. கேமரா கறுப்பைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெள்ளை வயிறு சுண்ணாம்புத் திட்டாகிவிடும். சேற்றில் எடுக்கும்போது அரை, முக்கால் ஸ்டாப் குறைத்துக்கொள். காய்ந்த வெள்ளை மணலில் எடுக்கும்போது தலைகீழ், கொஞ்சம் கூட்டு. வெள்ளை ஒருமுறை போனால் ரா பைலிலும் திரும்பாது.

அப்புறம் கானல். நீ ஒன்பதரை மணிக்கு மேல் எடுத்ததெல்லாம் வெந்நீருக்குள் இருக்கிற மாதிரி நெளிகிறது. உன் லென்ஸில் பழுது என்று நினைத்திருப்பாய். அது சூடான மணலிலிருந்து எழும்புகிற காற்று. அதற்கு மருந்து எந்தக் கடையிலும் இல்லை. பறவை மிக அருகில் இருந்தால் எடு, தூரத்தில் இருந்தால் கேமராவை மூடிவிட்டுக் கோடியக்காட்டுப் பக்கம் வந்து மான் பார்.

படுத்தாயிற்று, வெளிச்சமும் சரி. பறவை எங்கே? நூறு அடிக்கு அப்பால். இங்கேதான் நீ எழுந்து நடக்கிறாய். நடக்காதே. இதை எனக்குச் சொன்னவர் எந்தப் பறவை நிபுணரும் அல்ல, ஒரு வலைக்காரர். நான் பிலிம் கேமராவோடு பூநாரைகளைத் துரத்திச் சேற்றில் முழங்கால் வரை புதைந்து நின்றபோது, வந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, “நீங்க ஏன் குருவி பின்னாடி ஓடுறீங்க? தண்ணி வத்துனா குருவி அங்க போவும். ஏறுனா தானா இங்க வரும். ஒக்காந்திருங்க” என்றார். அவ்வளவுதான் பாடம். நம் கடலில் ஏற்றமும் வற்றமும் பெரியதில்லை, ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் சேறு தாம்பாளம் மாதிரித் தட்டையாகக் கிடக்கிறது. ஒரு சாண் தண்ணீர் இறங்கினால் எவ்வளவோ தூரத்துக்குச் சேறு வெளியே வரும். பறவைகள் அந்தத் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டே போகும். தண்ணீர் ஏறத் தொடங்கினால் விளிம்போடு சேர்ந்து அவையும் திரும்பும்.

அதனால் நீ செய்ய வேண்டியது, ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே போய், தண்ணீர் கடைசியில் எட்டும் கோட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வது. காய்ந்த பாசியும் சிப்பியும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும், அதுதான் கோடு. ஒன்றரை மணி நேரம் ஆகலாம். நேரம் வேண்டுமென்றால் படகுத்துறையில் வலைக்காரர்கள் யாரையாவது கேள்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம், காற்று மாறினாலும் கணக்கு மாறும். அவர்களுக்கு அது மனப்பாடம்.

முதல் அரை மணி ஒன்றும் நடக்காது. நண்டு வளையிலிருந்து கண்ணை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். அப்புறம் ஒரு உப்புக்கொத்தி வரும். அது வருகிற விதத்தைக் கவனி: ஓடும், டக்கென்று நிற்கும், பார்க்கும், கொத்தும், திரும்ப ஓடும். அது கண்ணால் இரை தேடுகிற ஜாதி. ஓடும்போது அமுக்காதே, நிற்கிற அந்த ஒரு கணம்தான் உன்னுடையது, தலை நிமிர்ந்து மார்பு விரிந்து நிற்கும். உள்ளான் வேறு ரகம். தையல் மிஷின். தலையை நிமிர்த்தாமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும், அலகு நுனியின் தொடுவுணர்ச்சியிலேயே புழுவைக் கண்டுபிடித்துவிடும். அதை எடுத்தால் பத்தில் ஒன்பது படத்தில் தலை இருக்காது. பக்கத்துப் பறவை நெருங்கும்போது சண்டைக்குத் தலையைத் தூக்கும், தலைக்கு மேல் பருந்து போனால் ஒரு கண்ணைச் சாய்த்து வானத்தைப் பார்க்கும். அப்போது அமுக்கு. சாண்டர்லிங் கூட்டம் அலை பின்வாங்கும்போது அதன் பின்னாலேயே ஓடி, அடுத்த அலை வந்ததும் பொம்மைக்குச் சாவி கொடுத்த மாதிரி திரும்பி ஓடிவரும். நீ அலையின் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தால் அவை எப்போது உன் பக்கம் முகம் திருப்பும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அப்படி ஒருநாள் படுத்துக் கிடந்தேன். கல்திருப்பி உள்ளான் ஒன்று என் தாம்பாளத்துக்கு ஆறடியில் வந்து, ஒரு சிப்பியைப் புரட்டிப் பார்த்தது, என் செருப்பின் நுனியையும் புரட்டப் பார்த்தது. அவ்வளவு பக்கத்தில் லென்ஸ் போக்கஸ் ஆகாது. படம் கிடைக்கவில்லை. கிடைத்த படங்களைவிட அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சில சமயம் நகரத்தான் வேண்டும். அப்போது நேராகப் பறவையை நோக்கிப் போகாதே, பக்கவாட்டில் போ, பாதி தூரத்தில் படுத்துவிடு, பத்து நிமிஷம் பார். பறவை மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் உன்னைப் பார்த்துவிட்டது என்று பொருள். தலையை மேலும் கீழும் ஆட்டினால், நடக்கத் தொடங்கினால், இன்னும் ஒரு முழம் போனாலும் பறக்கும். அங்கேயே நில், முடிந்தால் பின்வாங்கு. ஒற்றைக்காலில் அலகைச் செருகிக்கொண்டு தூங்குகிற கூட்டத்துக்கு மட்டும் கிட்டவே போகாதே.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில், கூட்டம் பறக்கிற படத்துக்காக நானே கைதட்டி எழுப்பிவிட்டிருக்கிறேன். வானம் முழுக்கச் சிறகு, நல்ல படம், ஒரு காலண்டரில்கூட வந்தது. கோடியக்கரையில் பறவைக்கு வளையம் போடுகிற வேலையை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்து வருகிறார்கள். அங்கே ஒருமுறை, விடியற்காலை வலையிலிருந்து எடுத்த கொசு உள்ளான் ஒன்றை எடை போட்டுவிட்டு என் உள்ளங்கையில் வைத்தார்கள். இருபத்துச் சொச்சம் கிராம். சாதாரணத் தபாலில் போகிற ஒரு கடிதத்தின் எடை. இதயம் துடிப்பது தனித்தனித் துடிப்பாகக் கேட்கவில்லை, ஒரே அதிர்வாக என் விரலில் ஓடியது. வடதுருவத்து ஓரமாக உள்ள பனிச்சமவெளியில் முட்டையிலிருந்து வெளிவந்து, இங்கே வந்து, திரும்பப் போகிற ஜீவன். அதன் கணக்கெல்லாம் கொழுப்புக் கணக்கு. நான் கைதட்டி எழுப்பிய ஒவ்வொரு தடவையும் அது சேர்த்துவைத்ததில் ஒரு சொட்டை எரித்திருக்கிறது. கையை விரித்தேன், போய்விட்டது. அதற்குப் பிறகு கைதட்டவில்லை.

2022-இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய பட்டைவால் மூக்கன் குஞ்சு ஒன்று, பிறந்து சில மாதமே ஆனது, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. அதே இனப் பறவைகள் நம் கரைக்கும் வருகின்றன. உன் 97-ஆம் படத்தில் மூலையில் நிற்கிறதே, நீண்ட அலகு லேசாக மேல்நோக்கி வளைந்து, அது மூக்கன். நீ அதைக் கவனிக்கவே இல்லை. கோடியக்கரையைப் பார்த்து ‘வெறும் சேறும் காடும்தானே’ என்றாயாம் உன் அப்பாவிடம். 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்த சேறு அது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். அடுத்த இடம் சேர இருபது வருடம் ஆயிற்று.

பறவைக் காலில் வளையமோ நிறப்பட்டையோ தெரிந்தால் அழகைப் பார்க்காதே, காலைப் பார்த்து எடு. எழுத்தோ எண்ணோ படிக்க முடிந்தால் அந்த ஒரு படம் நீ சுவரில் மாட்டுகிற பத்துப் படத்தைவிட உதவும். எனக்கு அனுப்பு, யாரிடம் சேர்க்க வேண்டுமோ சேர்க்கிறேன்.

எல்லாப் பறவையும் வெளியூர் இல்லை. இங்கேயே முட்டையிடுகிற சின்ன உப்புக்கொத்தி ஒன்று உண்டு, வெளுத்த மணல் நிறம். வெகுகாலம் அதை வடக்கேயிருந்து வருகிற கென்டிஷ் உப்புக்கொத்தி வகையின் கிளை என்றே எழுதி வைத்திருந்தார்கள். 2023-இல்தான் தனி இனம் என்று பிரித்தார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிற பறவை என்பதால், ராமர் பாலத்தை நினைத்து அனுமன் பெயரை வைத்திருக்கிறார்கள். கோடையில் நீ வந்தால் பார்க்கலாம். கூடு என்று ஒன்றும் இருக்காது, மணலில் ஒரு சின்னக் குழி, புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டை. வெயில் ஏறினால் தாய் ஓடிப்போய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையின்மேல் நிற்கும். அந்தப் பறவை உன் முன்னால் வந்து சிறகொடிந்த மாதிரி நொண்டினால், ‘ஆஹா, என்ன போஸ்’ என்று படுத்துவிடாதே. முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறாய் என்று அது உன்னிடம் கெஞ்சுகிறது. வந்த காலடியிலேயே திரும்பிப் போ. நீ படுத்துக் கிடக்கிற பத்து நிமிஷத்தில் முட்டை வெந்துபோகும்.

நல்லதைச் சொல்லாமல் விட்டேனே. 251-ஆம் படம். பறவை தம்மாத்தூண்டு, ஓரத்தில் நிற்கிறது. மேலே மழை மேகம், தூரத்தில் ஒரு பைபர் படகு, கால்வாசி கூடச் சேறு இல்லை, எல்லாம் வானம். நீ அதைத் தவறிப்போன படம் என்று நினைத்திருப்பாய். அதுதான் 412-ல் ஒன்று. பறவையை இறகு எண்ணுகிற அளவு பெரிதாக எடுக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? மா. கிருஷ்ணனின் படங்களைத் தேடிப் பார். கறுப்பு வெள்ளையிலேயே பேர் வாங்கியவர், அ. மாதவையாவின் மகன். யானையோ மானோ, அது நிற்கிற இடத்தின் காற்று அந்தப் படத்தில் இருக்கும். என் பழைய பூநாரை நெகட்டிவ்களையும் காட்டியிருப்பேன், 2018 நவம்பரில் கஜா புயல் வந்த ராத்திரி ஸ்டுடியோ ஓட்டோடு அவையும் போய்விட்டன. மறுநாள் தெருவில் யாருடைய கல்யாணமோ நனைந்து கிடந்தது, பொறுக்கினேன்.

கேமராவைச் சுத்தம் செய்யாமலா ஊருக்குப் போனாய்? பென் டிரைவிலேயே மணல் இருந்தது. கரையில் நின்று லென்ஸ் மாற்றாதே. வந்ததும் முதலில் ஊதுகுழலால் மணலை ஊது, அப்புறம்தான் துணி; துணியை முதலில் வைத்தால் கண்ணாடியில் கோலம் போட்டுவிடுவாய். உப்புக்காற்று பட்ட கேமரா உடம்பை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடை.

பொங்கலுக்கு நான்கு நாள் லீவு என்றாய். முழங்கால் ஒத்துழைத்தால் நானும் வருகிறேன், படுக்க முடியாது, நாற்காலி போட்டு உட்கார்ந்து உன்னை வேவு பார்ப்பேன். பங்குனியில் இன்னொரு தடவை வா. ஊர் திரும்புவதற்கு முன் வளைமூக்கு உள்ளானுக்கு மார்பெல்லாம் செங்கல் நிறம் ஏறும், மார்கழியில் பார்த்த சாம்பல் பறவைதானா இது என்று சந்தேகம் வரும். வெள்ளைச் சட்டை வேண்டாம், மங்கின நிறத்தில் பழையது எடுத்து வா. வனத்துறை அனுமதிச்சீட்டுக்கு நான் முன்னாலேயே போய்ச் சொல்லிவைக்கிறேன்.

தாம்பாளம் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உனக்கு ஒன்று வேண்டும். பூஜை அறையில் பெரியம்மாவின் கல்யாணச் சீர்த் தாம்பாளம் இருக்கிறது, விளிம்பு நன்றாக வளைந்தது, அளவும் கச்சிதம். நீ கேட்டால் கொடுத்துவிடுவாள். எதற்கு என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
பெரியப்பா